ஒரு பேட்டி, இரண்டு ஒலிபரப்பு: வடசென்னை சமுதாய வானொலி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

2024 ஜனவரியில் வடசென்னையில் இயங்கும் ஒரு சமுதாய வானொலிக்காக ஒரு பேட்டி பதிவு செய்யப்பட்டது. அரை மணி நேர நிகழ்ச்சிக்கான சாதாரணப் பேட்டி. அது அந்த ஆண்டு ஆடி மாதம்வரை நிலையத்தை விடவில்லை. நான் அந்த நிகழ்ச்சியின் தயாரிப்புக் குழுவில் இருந்தேன். நிலையத்தின் பெயரோ, குப்பத்தின் பெயரோ, ஆட்களின் பெயரோ இங்கே வராது. அடையாளம் காட்டிவிடும் சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். ஏன் என்பது படிக்கும்போது புரியும்.

பின்னணி

இந்தியாவில் சமுதாய வானொலிக்கு முதலில் அனுமதி கிடைத்தது கல்வி நிறுவனங்களுக்கு, 2002இல். 2004 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். அப்படித்தான் வந்தது. தொண்டு நிறுவனங்களுக்குக் கதவு திறக்க 2006 ஆனது. ஒலிபரப்பு ஆற்றல் 100 வாட்தான். உயரமான கட்டடம் எதுவும் குறுக்கே நிற்காமல் இருந்தால் பத்து கிலோமீட்டர் போகும். எங்கள் கோபுரத்திலிருந்து வடக்கே எண்ணூர்வரை ஒருமாதிரி கேட்கும். தெற்கே பேசின் பிரிட்ஜ் தாண்டினால் இரைச்சல்தான்.

நிகழ்ச்சிகளில் பாதியாவது அந்தப் பகுதி மக்களின் பங்கேற்போடு இருக்க வேண்டும், முடிந்தவரை உள்ளூர் மொழியிலும் வட்டார வழக்கிலும் இருக்க வேண்டும் என்கிறது விதி. செய்தியும் நடப்பு அரசியலும் கூடாது என்பதும் அதே விதிதான். அகில இந்திய வானொலியின் செய்தியை வேண்டுமானால் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம்.

வடசென்னையில் இந்த இரண்டு விதிகளையும் ஒன்றாகக் காப்பாற்றுவது லேசான காரியமில்லை. 1918இல் பின்னி ஆலைத் தொழிலாளர்கள் சேர்ந்து சென்னைத் தொழிலாளர் சங்கம் கண்ட இடம் இது. ஒரு பாட்டியிடம் சின்ன வயசைப் பற்றிக் கேட்டால் ஆலை மூடிய கதை வரும். குத்துச்சண்டை வாத்தியாரிடம் பயிற்சியைப் பற்றிக் கேட்டால் கோப்பை கொடுத்த கட்சிக்காரர் வருவார். கானா பாடுகிறவர் செத்தவரைப் பாடும்போதே சாவுக்குக் காரணமான வேலையையும் பாடிவிடுவார். இதில் எங்கே பண்பாடு முடிகிறது, எங்கே அரசியல் தொடங்குகிறது என்று கத்தரி வைக்க எங்களுக்கு ஒருபோதும் சரியாகத் தெரிந்ததில்லை. பெரும்பாலும் கட்சிப் பெயர் வந்தால் வெட்டு, வராவிட்டால் விடு என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது.

நிகழ்ச்சி சனிக்கிழமை மாலை, மறுஒலிபரப்பு ஞாயிறு காலை. கேட்பவர்கள் ஆட்டோ ஓட்டுநர்கள், தையல் கடைக்காரர்கள், மார்க்கெட்டில் மீன் வெட்டும் பெண்கள். ஒயர் இயர்போனைச் செருகினால்தான் போனில் எஃப்.எம். எடுக்கும், அந்த ஒயர்தான் ஆன்டெனா. புது போன் வாங்கியவர்கள் எங்களை விட்டுப் போய்விட்டார்கள். இருப்பவர்கள் பழைய போன்காரர்கள், ஆனால் விடாமல் கேட்பவர்கள்.

பதிவு

2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் மழை. வெள்ளத்தோடு எண்ணெய் சேர்ந்து பக்கிங்காம் கால்வாய், கொசஸ்தலை ஆறு வழியாக எண்ணூர் கழிமுகத்தில் பரவியது. படகுகளும் வலைகளும் கறுத்தன. எண்ணெய்ப் படலத்துக்கு என்று தனியாக அரசு நிவாரணம் அறிவித்தது: 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், சேதமான 787 படகுகளுக்குத் தலா 10,000, வாழ்வாதாரம் பாதித்த 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500. அறிவிப்பு வந்ததும் எல்லா இடத்திலும் நடப்பதுதான் இங்கேயும் நடந்தது. யார் பெயர் பட்டியலில் இருக்கிறது, யார் பெயர் இல்லை என்பதே பேச்சு.

பொங்கல் கழிந்து, கழிமுகத்தை ஒட்டிய ஒரு குப்பத்தில் ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்ணைப் பேட்டி எடுத்தோம். படகில்லாமல், வலையில்லாமல், சேற்றில் இறங்கிக் கையால் எறா (இறால்) தடவிப் பிடிப்பவர். பேட்டி எடுத்தது வியாசர்பாடியைச் சேர்ந்த இருபத்திரண்டு வயது தன்னார்வலர். ஸ்டூடியோவுக்கு வரவழைத்தால் ஆட்கள் பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோலப் பேசுகிறார்கள் என்பதால் அதற்குள் நாங்கள் வெளியிலேயே பதிவு செய்யப் பழகியிருந்தோம். அன்று கரையில் கவிழ்த்துப்போட்ட ஒரு ஃபைபர் படகின் நிழலில் உட்கார்ந்தோம்.

பேட்டியின் முதல் பாதி, நான் கேட்டவற்றில் மிக நல்ல ஒலி. பிடித்ததைப் போடும் பனையோலைக் கூடையான பறியின் வாயைப் பல்லால் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் தண்ணீருக்கடியில் சேற்றை அணைத்துத் தடவுவதைச் சொன்னார். எறா விரலில் பட்டதும் துள்ளுவதற்குள் அமுக்க வேண்டும். அமுக்கியதைப் பறிக்குள் போடும்போது பல் விடக் கூடாது. வாயில் பறி இருக்கும்போது எப்படிப் பேசுவார்கள் என்று பையன் கேட்டான். “பேசறதா? மூக்காலதான் நைனா திட்டிக்குவோம்” என்று பறியைக் கவ்விக் காட்டியபடியே ஒரு திட்டுத் திட்டினார். அது அப்படியே பதிவாகியிருக்கிறது. எண்ணெய் வந்த பிறகு கணுக்காலில் ஒட்டியதை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்ததையும், மார்க்கெட்டில் “எண்ணூர் எறாவா?” என்று கேட்டுவிட்டு வாங்காமல் நகர்ந்தவர்களையும் சொன்னார். நடுவில், வியாபாரியிடம் முன்பணம் வாங்குவதைப் பற்றி ஒரு வரி: “அட்வான்ஸ் வாங்கிட்டா தராசு நம்ம பக்கம் பேசாது நைனா.” எல்லோரும் சிரித்தோம்.

பிறகு பட்டியல். படகு வைத்திருப்பவர்கள், சங்கத்தில் உறுப்பினராக இருப்பவர்கள் பெயர் ஏறியது. கையால் பிடிக்கும் பெண்களில் பலர் பெயர் ஏறவில்லை என்றார். பெயரை ஏற்ற ஓர் ஆள் பணம் கேட்டதாகச் சொல்லி, அவர் பெயரையும் எவ்வளவு கேட்டார் என்பதையும் சொன்னார்.

“யக்கா, பேரைப் போடலாமா?”

“போடு. எனக்கு என்னா பயம்?”

நிலையத்தில் நடந்த விவாதம்

திங்கட்கிழமை உட்கார்ந்து முழுதாகக் கேட்டோம். நிலைய மேலாளர் முதலிலேயே சொல்லிவிட்டார்: ஒரு தரப்பு மட்டும் பேசுகிறது, கையில் காகிதம் எதுவும் இல்லை, பெயரோடு போட்டால் அவதூறு வழக்கு, அதற்கு மேலே உரிமத்துக்கும் ஆபத்து. பேட்டி எடுத்த பையன் விடவில்லை. அலைவரிசை பொதுமக்கள் சொத்து என்று 1995இல் உச்ச நீதிமன்றம் சொன்னதால்தான் நாம் இங்கே உட்கார்ந்திருக்கிறோம், அந்த மக்களில் இந்த அம்மா சேர்த்தியில்லையா என்றான். “அந்த ஆளுக்குப் பயந்துதானே சார் இவ்ளோவும்?” என்று கேட்டுவிட்டு வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்தான்.

பெயரை மட்டும் எடுத்துவிட்டு மீதியைப் போடலாம் என்ற யோசனை வந்தது. எங்கள் களப்பணியாளர், அந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்த பெண், அதுவரை பேசாமல் இருந்தவர், கேட்டார்: “அந்தாளு பேரை எடுத்துருவீங்க சார். இந்த அம்மா குரலை எப்படி எடுப்பீங்க? அந்தக் குப்பத்துல இது யார் குரல்னு தெரியாதவங்க யாரு?”

பேச்சு அதோடு வேறு பக்கம் திரும்பியது. அதுவரை நாங்கள் உரிமத்தையும் வழக்கையும் பற்றியே, அதாவது நிலையத்துக்கு என்ன ஆகும் என்றே பேசிக்கொண்டிருந்தோம். பெரிய வானொலியில் பேசியவர் பேசிவிட்டுக் கூட்டத்தில் கலந்துவிடலாம். பத்து கிலோமீட்டர் வானொலியில் பேசியவர் மறுநாள் காலை அதே குழாயடிக்கு, அதே ரேஷன் கடைக்கு, அதே தராசுக்குப் போயாக வேண்டும். கேட்டவர்களும் அங்கேதான் நிற்பார்கள்.

முடிவு இது. பெயரும் தொகையும் வராது. எங்களால் சரிபார்க்க முடியாத குற்றச்சாட்டு என்பதே காரணம். பட்டியல் எப்படித் தயாரானது, யார் விடுபட்டார்கள் என்ற பகுதி இருக்கும். ஒலிபரப்புவதற்கு முன் அந்த அம்மாவுக்குப் போட்டுக் காட்டி, மறுபடி சம்மதம் கேட்க வேண்டும். பதிவின்போது கையெழுத்து வாங்கும் படிவம் எங்களிடம் முன்பே இருந்தது. ஆனால் மைக்கின் முன் உற்சாகத்தில் போட்ட கையெழுத்தும், தன் குரலை ஸ்பீக்கரில் கேட்ட பிறகு சொல்லும் சரியும் ஒன்றல்ல.

வீட்டில் போட்டுக் காட்டியது

ஜனவரி கடைசியில் களப்பணியாளரும் நானும் ஒரு சின்ன ஸ்பீக்கரோடு போனோம். அந்த அம்மாவும் மருமகளும் கேட்டார்கள். பாதியில் மகன் வந்தார். பகலில் ஒப்பந்த வேலை, அதிகாலையில் இன்னொருவர் படகில் ஆளாகப் போகிறவர். பட்டியல் பகுதி முடிந்ததும் அவர் சொன்னது: “எங்கம்மா பேசிட்டுப் போயிடும் சார். நாளைக்கு அவங்க போட்டுல ஏறப்போறது நானு.”

வீட்டுக்குள் ஒரு சண்டை நடந்தது. அது எங்கள் முன்னால் நடந்ததில் எனக்குச் சங்கடம். எழுந்துவிடலாமா என்றுகூடப் பார்த்தேன். களப்பணியாளர் உட்கார்ந்தே இருந்தார். கடைசியில் வழி சொன்னது அந்த அம்மாதான். “நா ஒருத்தி சொன்னா பொம்பள வாயின்னுட்டுப் போவான். எல்லாரையும் கூட்டியாறேன், எல்லாரும் பேசறோம். அப்ப யாரத் தனியாப் புடிப்பான்?”

பேட்டி நிகழ்ச்சி என்றாலே ஒருவர் கேட்க ஒருவர் சொல்வது என்று நாங்கள் வைத்திருந்த வடிவத்தை அவர் அந்த இடத்தில் மாற்றிவிட்டார். பிப்ரவரியில் கையால் பிடிக்கும் பெண்கள் பத்துப் பதினைந்து பேரோடு பதிவு நடந்தது. ஒருவர் சொல்வதை இன்னொருவர் வெட்டிப் பேச, ஒலியமைப்பாளருக்குத் தலைவலி. ஆனால் யார் எதைச் சொன்னார் என்று குரலை வைத்துப் பிரிக்கவே முடியாது. இந்த விஷயத்துக்கு அதுதான் தேவை.

அதிகாரி தரப்பு விளக்கமும் சேர வேண்டும் என்பதால் பட்டியல் பகுதியை நிறுத்திவைத்தோம். எறா தடவும் பகுதியை மட்டும் தனி நிகழ்ச்சியாக மார்ச் தொடக்கத்தில் போடுவது என்று முடிவானது. அதில்தான் வம்பே இல்லையே என்பது எல்லோருடைய எண்ணமும்.

முதல் ஒலிபரப்பும் பாதிப்பும்

தராசு பற்றிய வரி அழகாக இருந்ததால் அதையே முன்னோட்டத்துக்கு எடுத்தோம். ஒரு நாளைக்குப் பல தடவை ஓடியது. நிகழ்ச்சிக்கு அதுவரை வராத அளவுக்குப் போன் வந்தது. கேட்ட ஒரு பாட்டி, தன் அம்மா பறி கவ்வியே முன்பல் தேய்ந்தவர் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அடுத்த வாரம் அந்த அம்மாவிடம் எறா வாங்கும் வியாபாரி வாங்குவதை நிறுத்திவிட்டார்.

அவர் பெயரை யாரும் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கரையில் முன்பணம் கொடுத்து வாங்குபவர்கள் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்? வானொலியில் நாள் முழுக்கத் தன் தராசைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார் மனிதர். பட்டியல் பகுதியை வரிவரியாகக் கேட்டுச் சண்டை போட்ட நாங்கள், இந்த வரியில் ஆபத்து இருக்கிறது என்று யோசிக்கவே இல்லை. வீட்டில் போட்டுக் காட்டியபோதும் அவர்கள் இதைக் கேட்டுச் சிரித்தார்களே தவிர ஒன்றும் சொல்லவில்லை. விதிப்படி பார்த்தால் இது பண்பாடு, வாழ்க்கைமுறை. கரையில் இதுதான் அரசியல்.

முன்னோட்டத்தை உடனே எடுத்தோம். களப்பணியாளர் வியாபாரியைப் போய்ப் பார்த்தார். அவர் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. “மழைக்காலத்துல அடுப்பெரிய நாந்தான குடுக்கறேன்? அத ஏன் போடல?” என்றார். நியாயமான கேள்வி. அவரையும் பேசக் கூப்பிட்டோம், வரவில்லை. இடைப்பட்ட வாரங்களில் அந்த அம்மா கூடையோடு ஷேர் ஆட்டோவில் திருவொற்றியூர் போய்த் தானே விற்றார். ஆட்டோக் கூலி போக மிச்சம் குறைவு.

வியாபாரி மறுபடி வாங்கத் தொடங்கியது ஏப்ரல் பாதிக்குப் பிறகு. எங்கள் சமாதானத்தால் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், ஆனால் அப்படி இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் காசிமேட்டில் கட்டிக் கிடக்க, கழிமுகத்து எறாவுக்குக் கிராக்கி ஏறியது. கோபத்தைவிட வியாபாரம் பெரிது.

தேர்தல்

மார்ச் 16 அன்று மக்களவைத் தேர்தல் அறிவிப்பு வந்தது. தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு ஏப்ரல் 19. விளக்கம் தர ஒப்புக்கொண்டிருந்த அதிகாரி, தேர்தல் நடத்தை விதி முடியும்வரை மைக் முன் பேச முடியாது என்றார். மேலாளரும் பட்டியல் நிகழ்ச்சியை ஜூனுக்குத் தள்ளினார். நடத்தை விதி கட்சிகளுக்கும் வேட்பாளர்களுக்கும் ஆட்சியில் இருப்பவர்களுக்கும். எறா பிடிக்கும் பெண்கள் நிவாரணம் கிடைக்கவில்லை என்று சொல்வதற்கு அது தடையில்லை என்பது என் கருத்து, அப்போதும் இப்போதும். ஆனால் தள்ளிவைத்ததற்கு வேறொரு நல்ல காரணம் ஏப்ரல் முதல் வாரத்தில் வந்து நின்றது.

ஒரு கட்சிக்காரர் நிலையத்துக்கு வந்தார். அந்த வெட்டாத பதிவு வேண்டும், பெயர் சொல்லும் இடம் மட்டும் போதும் என்றார். அது இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்? ஜனவரியில் தன்னார்வலர்களின் வாட்ஸ்அப் குழுவில் நாற்பது விநாடித் துண்டு ஒன்று, “செம பேட்டி” என்ற பாராட்டோடு போடப்பட்டிருந்தது. குழுவில் இருந்த யாரோ யாரிடமோ சொல்லியிருக்கிறார்கள். பதிவைத் தரவில்லை. ஆனால் அது கிடைத்திருந்தால், அந்த அம்மாவின் குரல் ஒரு பிரச்சார வண்டியின் ஒலிபெருக்கியில் அவர் தெருவிலேயே ஓடியிருக்கும்.

ஒலிபரப்பான நிகழ்ச்சிகளை மூன்று மாதம் பாதுகாத்து வைக்க வேண்டும் என்பது விதி. ஒலிபரப்பாகாத பகுதிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. என்ன செய்வது என்று அந்த அம்மாவிடமே கேட்டோம். ஒரு பிரதி எடுத்துப் பென் டிரைவில் கொடுத்தோம். “இத எதுல சொருகறது?” என்றார். மகன் அதைத் தன் போனுக்கு மாற்றிக்கொண்டார். அவர்கள் சொன்னபடி எங்களிடம் இருந்ததை அழித்தோம்.

இரண்டாவது ஒலிபரப்பு

ஜூன் நடுவில் பெண்கள் எல்லோரும் பேசும் நிகழ்ச்சி ஒலிபரப்பானது. பதிவு செய்த படகுகள், சங்க உறுப்பினர் பட்டியல் ஆகியவற்றை வைத்தே கணக்கெடுப்பு தொடங்கியது என்று அதிகாரி விளக்கினார். விடுபட்டவர்கள் ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம் என்றார். பெண்கள் ஒரு திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ராஜாஜி சாலையில் இருக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனார்கள். அந்த மாளிகைக்குச் சிங்காரவேலர் பெயர். மீனவக் குடும்பத்தில் பிறந்து, 1923இல் நாட்டின் முதல் மே தினத்தைச் சென்னையில் நடத்தியவர். அவர் பெயர் போட்ட கட்டடத்தில் இவர்களுக்குக் கிடைத்தது மனு எண். நிவாரணம் கிடைக்கவில்லை, வழங்கல் முடிந்துவிட்டது என்று பதில் வந்தது. மனு எழுதும்போதுதான், மீன்பிடித் தொழிலாளர் நல வாரியத்தில் தங்களில் பலர் பதிவே செய்யவில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்தது. சிலர் விண்ணப்பித்தார்கள், சிலருக்கு அட்டை வந்தது. அடுத்த பட்டியல் எழுதும்போது அது பயன்படலாம்.

மகனைப் படகிலிருந்து யாரும் இறக்கவில்லை. பலர் சேர்ந்து பேசியதால் ஒருவரைப் பிடித்துக்கொள்ள வழியில்லை. கோபம் எங்கள் பக்கம் திரும்பியது. ரேடியோக்காரர்கள் ஊரைப் பிரிக்கிறார்கள் என்று ஊர்க்கூட்டத்தில் பேச்சு வந்து, அந்த ஆண்டு ஆடித் திருவிழாவில் மைக் வைக்க எங்களுக்கு அனுமதி இல்லை. அது நிலையம் தாங்கக்கூடிய விலை. அந்த அம்மா ஐந்து வாரம் தாங்கியதை அதோடு வைத்துப் பார்க்க முடியாது.

பேட்டி எடுத்த பையன் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. பெயரை எடுத்ததால் தப்பித்தது அந்த ஆள் என்கிறான். அது உண்மைதான். கையில் ஆதாரம் இல்லாமல், உறுதிசெய்ய ஆளும் இல்லாமல், அவரை ஒலிபரப்பில் நிறுத்தும் வேலையை இந்த நிலையம் செய்ய முடியாது என்பது என் பதில். இருவரும் இதைப் பேசுவதை நிறுத்திவிட்டோம். நிகழ்ச்சியை அவன்தான் இப்போதும் செய்கிறான்.

மாற்றியவை

பேட்டி முடிந்து மைக்கை அணைத்ததும் ஒரு கேள்வி கேட்கிறோம்: “இதைக் கேட்டா உங்க மேல யாரு கோவப்படுவாங்க?” கட்சிக்காரர் பெயர் வரும் என்று எதிர்பார்ப்போம், வருவது பெரும்பாலும் வீட்டு உரிமையாளர், மேஸ்திரி, நாத்தனார். எந்த வரியைக் கவனமாகக் கேட்க வேண்டும் என்பது அதிலிருந்தே தெரிந்துவிடுகிறது.

போட்டுக் காட்டும்போது ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர்கள் எல்லோரும் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போகிறோம். முழு நிகழ்ச்சியையும் முன்னோட்டத்தையும் சேர்த்தே போடுகிறோம். முன்னோட்டத்துக்குத் தனியாகச் சம்மதம், ஏனென்றால் நிகழ்ச்சி இரண்டு தடவை ஓடும், முன்னோட்டம் நாள் முழுக்க ஓடும். இதனால் ஒரு நிகழ்ச்சி தயாராக இரண்டு வாரம் கூடுதலாகிறது. வாரம் ஒன்று என்பது மாதம் மூன்றாகக் குறைந்துவிட்டது. மேலாளருக்கு இதில் வருத்தம் உண்டு.

வெட்டாத பதிவு எதுவும் போனில் அனுப்பப்படுவதில்லை. ஒலிபரப்பு முடிந்து மூன்று மாதம் ஆனதும் மீதியை அழிப்பதா, கொடுப்பதா என்று பேசியவரிடம் கேட்கிறோம். பழைய ஹார்டு டிஸ்க்குகளில் பல வருடப் பேட்டிகள், பழைய படிவத்தின் பேரில் எடுத்தவை, அப்படியே கிடக்கின்றன. களப்பணியாளர் ஒரு நோட்டில் பட்டியல் போட்டு அவர்களை ஒவ்வொருவராகத் தேடிவருகிறார். சிலர் நகரின் தென்புற மறுகுடியமர்வுக் குடியிருப்புகளான பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் மாற்றப்பட்டுவிட்டார்கள், போன் எண்ணும் மாறியிருக்கிறது. அவர்களைக் கண்டுபிடிக்கும்வரை அந்தப் பேட்டிகளை மறுஒலிபரப்புச் செய்வதில்லை என்று முடிவாகியிருக்கிறது.